காரமும் ஸ்ட்ராங் பீரும்: ஒரு வட்டாரத்தின் நாக்கைத் தீர்மானிப்பது எது?

வாற்கோதுமை (இழையைத் தொடங்கியவர்)

நண்பர்களுக்கு வணக்கம். வெப்பமான நாட்டு மக்கள் காரத்தை விரும்புவார்கள் என்றும், குளிர்ந்த நாட்டு மக்கள் வலுவான பீரை விரும்புவார்கள் என்றும் பலர் உறுதியாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். நானும் பல ஆண்டுகள் அப்படியே நம்பினேன். ஜெர்மனி என்ற ஒரே நாட்டை எடுத்துக்கொண்டு பார்க்கத் தொடங்கியதும் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டுவிட்டது.

மியூனிக் நகரில் நோன்புக் காலத்தை ஒட்டி டாப்பல்பாக் என்னும் கனத்த பீரைக் குடிப்பது பழைய வழக்கம். பவுலானர் துறவிகளின் மரபில் வந்த சால்வேட்டர் என்ற பீரில் ஆல்கஹால் 7.9 சதவீதம் இருக்கிறது. ஆனால் அதே நகரில் வெள்ளைத் தொத்திறைச்சிக்குத் தொட்டுக்கொள்ளும் கடுகு விழுது இனிப்பானது. யோஹான் கொன்ராட் டெவலே என்பவர் 1854-இல் சர்க்கரை சேர்த்து உருவாக்கிய வகை அது. வடமேற்கே டுஸ்ஸல்டார்ஃப் நகருக்குப் போனால் நிலைமை தலைகீழாகிறது. அங்கே கடுகு விழுது மூக்கில் ஏறும் அளவுக்குக் காரமானது. உள்ளூர்ப் பீரான ஆல்ட்பியரோ ஏறத்தாழ 5 சதவீதம்தான். இரண்டு நகரங்களுக்கும் இடையே தட்பவெப்பத்தில் பெரிய வேறுபாடு கிடையாது.

அப்படியானால் ஒரு வட்டாரத்தின் நாக்கு எதனால் உருவாகிறது? காரத்தையும் பீரின் வலுவையும் ஒரே விருப்பத்தின் இரு முகங்களாகப் பார்ப்பது சரிதானா? உங்கள் கருத்துகளை விரிவாக எழுதுங்கள்.

கடுகுமணி

நல்ல கேள்வி. ஆனால் தட்பவெப்பக் காரணத்தை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட முடியாது என்பது என் எண்ணம். பில்லிங், ஷெர்மன் ஆகிய இரு ஆய்வாளர்கள் 1998-இல் பல நாடுகளின் சமையல் குறிப்புகளைத் தொகுத்து ஒப்பிட்டார்கள். சராசரி வெப்பநிலை உயர உயர, ஒரு சமையலில் சேரும் மசாலாப் பொருள்களின் எண்ணிக்கையும் கூடுவதை அவர்கள் காட்டினார்கள். வெப்பத்தில் உணவு விரைவாகக் கெடுகிறது. பூண்டு, மிளகாய், கிராம்பு போன்றவை நுண்ணுயிர்களைத் தடுக்கின்றன. எனவே அவற்றைச் சேர்த்து உண்டவர்கள் நோயிலிருந்து தப்பினார்கள் என்பது அவர்களுடைய விளக்கம். தலைமுறை தலைமுறையாகப் பட்டறிந்து வந்த அறிவு நாக்கில் தங்கிவிட்டது என்று நினைப்பதில் எனக்குத் தவறு எதுவும் தெரியவில்லை.

எரிசுவை

கடுகுமணி, அந்த விளக்கம் எனக்கும் ஒரு காலத்தில் மிகவும் பிடித்திருந்தது. ஆனால் 2021-இல் ப்ரோமம் என்ற ஆய்வாளரின் குழு 70 சமையல் மரபுகளிலிருந்து 33,750 குறிப்புகளை எடுத்துக்கொண்டு இதே கேள்வியை மறுபடியும் சோதித்தது. வெப்பநிலைக்கும் மசாலாவுக்கும் தொடர்பு தெரிந்தாலும், உணவு வழியாகப் பரவும் நோயைத் தடுக்கவே மசாலா கூடியது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றே அந்தக் குழு முடிவுக்கு வந்தது. பக்கத்துப் பக்கத்து நாடுகள் சமையலையும் வரலாற்றையும் பகிர்ந்துகொள்கின்றன. வறுமையும் பிற வாழ்க்கை நிலைமைகளும் வெப்பத்தோடு பின்னிக் கிடக்கின்றன. இவற்றைக் கணக்கில் எடுத்தால் பழைய விளக்கத்தின் பிடி தளர்ந்துவிடுகிறது.

சீனாவைப் பாருங்கள். ஈரமும் புழுக்கமும் மிகுந்த ஊர் என்பதால்தான் சிச்சுவானில் மிளகாய் வேரூன்றியது என்று அந்த மாநிலத்தவரே சொல்வார்கள். ஆனால் தெற்கே குவாங்டோங் அதைவிட வெப்பமானது, புழுக்கமும் குறைந்ததல்ல. அங்கே சமையல் மிக மென்மையானது. மீனின் இயல்பான சுவையைக் காரம் மறைத்துவிடக் கூடாது என்பது அங்குள்ள கண்டோனியச் சமையற்காரர்களின் கொள்கை. மேலும், மிளகாய் சீனாவுக்கு அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடி. 1591-இல் எழுதப்பட்ட ஒரு சீன நூல் அதை அழகுக்காக வளர்க்கும் செடிகளின் வரிசையில்தான் குறிப்பிடுகிறது.

அழகுச்செடி எப்படிச் சமையலறைக்கு வந்தது? இதற்குக் குய்சோ மாநிலத்தின் வரலாறு நல்ல பதிலைத் தருகிறது. அந்த மலைநாட்டில் சொந்தமாக உப்பு விளையவில்லை. வெளியிலிருந்து வந்த உப்பு ஏழைகளுக்கு எட்டாத விலையில் இருந்தது. உள்ளூர் மக்கள் உப்புக்குப் பதிலாக மிளகாயைப் பயன்படுத்துகிறார்கள் என்று காங்ஷி பேரரசர் காலத்து வட்டாரக் குறிப்பு ஒன்று பதிவு செய்திருக்கிறது. உப்பில்லாத சோற்றை விழுங்க வைக்க ஏதேனும் ஒன்று வேண்டியிருந்தது. கொல்லையில் காய்த்த மிளகாய் அந்த வேலையைச் செய்தது. இதைப் படித்த நாளிலிருந்து, ஒரு வட்டாரத்தின் காரத்தைப் பற்றிப் பேசும்போது வெயிலைக் கேட்பதற்கு முன் உப்பு வண்டி எந்த வழியாக வந்தது என்று கேட்கத் தோன்றுகிறது.

காரம் என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனை வகை அடங்கியிருக்கிறது என்பதையும் நாம் மறக்கக் கூடாது. சிச்சுவானில் மிளகாயின் எரிச்சலோடு சிச்சுவான் மிளகின் மரமரப்பும் சேர வேண்டும். ஹுனானில் நறுக்கி உப்பிட்டுப் புளிக்கவைத்த மிளகாயின் புளிப்புக் காரம் வேண்டும். சிச்சுவான், ஹுனான், குய்சோ ஆகிய மூன்று மாநிலத்தாரும் தங்களுக்குள் யார் காரத்துக்கு அஞ்சாதவர் என்று போட்டி போட்டுக்கொள்ளும் பழமொழிகூட உண்டு. ஆனால் ஒருவர் காரத்தை மற்றவர் இலையில் வைத்தால், இது நம்முடையது இல்லை என்று உடனே சொல்லிவிடுவார்.

வாற்கோதுமை

எரிசுவை, உப்பு வண்டியைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் பீரின் பக்கம் இருந்து எனக்கு நினைவுக்கு வந்தவை சட்டமும் வரியும்தான். ஒரு நாட்டுப் பீரின் வலுவை அந்நாட்டின் அரசிதழைப் பார்த்தே பாதி ஊகித்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

பெல்ஜியத்தில் 1919-இல் வாண்டர்வெல்டே என்ற அமைச்சரின் பெயரால் அறியப்படும் சட்டம் வந்தது. மதுக்கடையில் அமர்ந்து ஜின் போன்ற காய்ச்சி வடித்த மதுவைக் குடிப்பதை அது தடை செய்தது. கடையில் வாங்குவோர் ஒரே நேரத்தில் குறைந்தது இரண்டு லிட்டர் வாங்க வேண்டும் என்றும் விதித்தது. கூலித் தொழிலாளிக்கு இரண்டு லிட்டருக்கான பணம் கையில் இருக்காது என்பதுதான் அதன் கணக்கு. ஜின் கிடைக்காத இடத்தில் வலுவான பீர் நுழைந்தது. 8.5 சதவீத டூவெல், 9.5 சதவீத வெஸ்ட்மாலே டிரிப்பெல் ஆகிய இரண்டும் அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் பிறந்தவை. சட்டம் 1983-இல்தான் நீங்கியது. அதற்குள் இரண்டு தலைமுறைக்கு வலுவான பீரே இயல்பான பீராகிவிட்டது.

பிரிட்டனில் நேர்மாறாக நடந்தது. 1880-இல் பீருக்கான வரியை, நொதிக்கும் முன் அந்தச் சாற்றில் எவ்வளவு சர்க்கரை கரைந்திருக்கிறது என்ற அடர்த்தியைக் கொண்டு விதிக்கத் தொடங்கினார்கள். வலுவாகக் காய்ச்சினால் வரி கூடும். முதல் உலகப்போரில் தானியத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது அடர்த்தியைக் குறைக்குமாறு அரசே உத்தரவிட்டது. போர் முடிந்த பிறகும் பழைய வலு முழுமையாகத் திரும்பவில்லை. இன்று 3.5 அல்லது 4 சதவீதப் பீரை மாலை முழுவதும் நிதானமாகக் குடிப்பதை ஆங்கிலேயர் தங்கள் பண்பாடாகவே கருதுகிறார்கள். அவர்களுடைய பூட்டனார்கள் இதைவிடக் கணிசமாக வலுவான பீரைக் குடித்தவர்கள்.

வடக்கே போனால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். சுவீடனில் 3.5 சதவீதத்துக்கு மேற்பட்ட பீரைப் பெரும்பாலும் அரசின் தனிக்கடையில்தான் வாங்க முடியும். பின்லாந்தில் மளிகைக்கடையில் விற்கக்கூடிய உச்சவரம்பு 4.7 சதவீதமாக இருந்து, 2018-இல் 5.5 ஆகி, 2024-இல் 8 ஆகியிருக்கிறது. ஐஸ்லாந்தில் 1989 மார்ச் 1 வரை முறையான பீருக்கே தடை இருந்தது; அதைவிடப் பல மடங்கு வலுவான காய்ச்சி வடித்த மது அப்போதும் சட்டப்படி கிடைத்தது. குளிர்தான் வலுவான பீரை உருவாக்குகிறது என்றால் ஐஸ்லாந்து எல்லாருக்கும் முன்னால் நின்றிருக்க வேண்டும்.

நுரைத்தமிழ்

வாற்கோதுமை சொல்வதில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். பெல்ஜியம் பற்றி மட்டும் ஒரு திருத்தம் தேவை. வெஸ்ட்மாலே மடத்தில் வலுவான பழுப்புப் பீரை 1856-லேயே காய்ச்சத் தொடங்கிவிட்டார்கள். சட்டம் வருவதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே திறமையும் ருசியும் அங்கே இருந்தன. சட்டம் அவற்றுக்குச் சந்தையைத் திறந்துவிட்டது என்று சொல்லலாம். அவற்றை உருவாக்கியது என்று சொல்லக் கூடாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பெல்ஜியத்தில் 8 சதவீதப் பீரை 330 மில்லிலிட்டர் புட்டியிலிருந்து, அதற்கென்றே வடிவமைத்த வாயகன்ற கோப்பையில் ஊற்றித் தருவார்கள். மியூனிக்கில் அதே வலுவுள்ள டாப்பல்பாக்கை ஒரு லிட்டர் கற்குவளையில் கொண்டுவந்து வைப்பார்கள். புட்டியில் எழுதியிருக்கும் சதவீதம் ஒன்றுதான் என்றாலும் இரண்டு வட்டாரங்களின் விருப்பமும் ஒன்றே என்று எனக்குத் தோன்றவில்லை. முன்னவர் வலுவை மணத்துக்காகத் தேடுகிறார். சிறிது சிறிதாக உறிஞ்சுகிறார். பின்னவருக்கு அது வயிறு நிறைக்கும் உணவு. நோன்பிருந்த துறவிகளுக்குத் திரவ ரொட்டியாகவே அது இருந்தது என்ற மரபுக்கதையும் அதைத்தான் சொல்கிறது.

புதுவரவு

ஒரு நடைமுறைக் கேள்விக்கு மன்னியுங்கள். மிகவும் காரமான சாஸ் தொட்டுச் சாப்பிடும்போது ஸ்ட்ராங் பீர் குடித்தால் எரிச்சல் தணியும் என்று சிலர் சொல்கிறார்கள். ஆல்கஹாலில் மிளகாயின் காரம் கரையும் என்பது காரணமாம். எனக்கு எரிச்சல் கூடுவதுபோலவே இருக்கிறது. என் நாக்குதான் பிழையா?

எரிசுவை

உங்கள் நாக்கில் பிழை ஏதும் இல்லை. இந்தக் கேள்வி இழையின் நடுவே வந்து சேர்ந்ததில் எனக்கு மகிழ்ச்சி, ஏனென்றால் வட்டார விருப்பங்களில் சில இங்கிருந்துதான் விளங்குகின்றன.

மிளகாயில் இருக்கும் கேப்சைசின், சூட்டை உணரும் நரம்பில் கதவு போன்ற ஒரு வாயிலைத் திறக்கிறது. டேவிட் ஜூலியஸ் என்பவரின் குழு 1997-இல் கண்டறிந்த அந்த வாயிலின் பெயர் டிஆர்பிவி1. அதற்காக அவருக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஏறத்தாழ 42 அல்லது 43 டிகிரி செல்சியஸ் சூட்டில் அது தானாகவே திறக்கும். கேப்சைசின் பட்டால் உடலின் இயல்பான சூட்டிலேயே திறந்துவிடுகிறது. எனவே நாக்கு எரிகிறது என்று மூளை நம்புகிறது. ஆல்கஹாலும் இதே வாயிலைத் தொடுகிறது. அது திறக்க வேண்டிய சூட்டின் அளவை 34 டிகிரி வரை இறக்கிவிடுவதாக 2002-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. வாயின் சூடு 36, 37 டிகிரி என்பதை நினைத்துப் பாருங்கள். கேப்சைசின் ஆல்கஹாலில் கரையும் என்பது உண்மைதான். ஆனால் நூற்றுக்கு 92 பங்கு நீராக இருக்கும் பீரில் அது பெரிதாகக் கரைந்துவிடாது. கழுவிச் செல்வது குறைவு, தூண்டிவிடுவது அதிகம்.

கடுகு, ஹார்ஸ்ராடிஷ் வேர், வசாபி ஆகியவற்றின் காரம் வேறு வகை. அங்கே வேலை செய்வது அல்லைல் ஐசோதயோசயனேட் என்னும் ஆவியாகும் பொருள். அது தொடுவது டிஆர்பிஏ1 என்ற வேறொரு வாயில். ஆவியாவதால் மூக்கில் ஏறுகிறது, சில நொடிகளில் அடங்கியும் விடுகிறது. முழுக் கடுகில் இந்தப் பொருள் இல்லை என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி. கடுகை அரைத்து நீர் சேர்க்கும்போதுதான் அதில் உள்ள நொதி ஒன்று சினிக்ரின் என்ற சேர்மத்தை உடைத்துக் காரத்தை உண்டாக்குகிறது. குளிர்ந்த நீரில் குழைத்துப் பத்து நிமிடம் வைத்தால் காரம் உச்சத்தைத் தொடும்; கொதிநீர் விட்டால் நொதி செத்துவிடும்; வினிகர் சேர்த்தால் வேகம் குறைந்து, உண்டான காரம் நீண்ட நாள் நிலைக்கும். வெள்ளைக் கடுகில் இருப்பதோ ஆவியாகாத இன்னொரு சேர்மம், ஆகவே அது நாக்கோடு நின்றுவிடும். டுஸ்ஸல்டார்ஃபுக்கும் மியூனிக்குக்கும் இடையே உள்ள வேறுபாட்டில் எந்தக் கடுகு, எவ்வளவு வறுப்பு, எவ்வளவு சர்க்கரை என்ற தொழில் நுணுக்கத்துக்கும் நிச்சயமாகப் பங்குண்டு.

பீரின் நுரைக்குக் காரணமான கரியமில வாயு நாக்கில் கரைந்து அமிலமாகும்போது சுருக்கென்று குத்துகிறதே, அதை உணர்வதும் டிஆர்பிஏ1 தான் என்று 2010-இல் கண்டறிந்தார்கள். கடுகும் நுரையும் ஒரே கதவைத் தட்டுகின்றன. குளிர்ந்த பீரையும் கடுகு விழுதையும் ஒரே மேசையில் வைத்த ஊர்கள், காரணம் தெரியாமலேயே ஒரே வகையான குத்தலை இரண்டு பாத்திரங்களிலிருந்து தேடியிருக்கின்றன.

கடுகுமணி

எரிசுவையின் பதிவை இரண்டு முறை படித்தேன். தட்பவெப்பத்தைப் பற்றிய என் பிடிவாதம் தளர்ந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வெப்பநாட்டில் பீர் இலேசாகத்தான் இருக்க வேண்டும் என்ற என் எண்ணத்துக்கு எதிரான சான்றை நானே தேடிக் கண்டேன். நைஜீரியாவில் விற்கும் கின்னஸ் ஃபாரின் எக்ஸ்ட்ரா ஸ்டவுட் 7.5 சதவீதம். ஜமைக்காவின் டிராகன் ஸ்டவுட்டும் அதே வலு. இலங்கையின் லயன் ஸ்டவுட் 8.8 சதவீதம். மூன்றும் வெயில் கொளுத்தும் நாடுகள். மூன்றிலும் சாப்பாட்டில் மிளகாய் தாராளம். நீண்ட கப்பல் பயணத்தைத் தாங்குவதற்காக வலுவாகக் காய்ச்சி அனுப்பிய கறுப்புப் பீர், போய்ச் சேர்ந்த ஊரின் ருசியாகவே நிலைத்துவிட்டது.

ஆனால் எரிசுவையின் கணக்குப்படி 8 சதவீத ஆல்கஹால் மிளகாயின் எரிச்சலைக் கூட்ட வேண்டுமே? அப்படியிருக்க, காரம் மிகுந்த இந்த ஊர்கள் அந்தப் பீரை ஏன் தலைமுறைகளாக விரும்பிக் குடிக்கின்றன?

நுரைத்தமிழ்

வெப்பமண்டல ஸ்டவுட்டுகளில் எஞ்சிய இனிப்பு கணிசமாக இருக்கும், பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் என்னும் பூவின் கசப்பு முன்னுக்கு வராது. இனிப்பு எரிச்சலை மட்டுப்படுத்தும். கசப்பு எரிச்சலோடு சேர்ந்தால் இரண்டும் முரட்டுத்தனமாகிவிடும். ஆகவே எத்தனை சதவீதம் என்று கேட்பதோடு, அந்தச் சதவீதம் எதன் மேல் அமர்ந்திருக்கிறது என்றும் கேட்க வேண்டும்.

சிவப்புத்தூள்

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஹங்கேரியைப் பற்றி ஒரு சொல் சேர்க்க விரும்புகிறேன். பாப்ரிகா என்றாலே காரம் என்று வெளியூரார் நினைக்கிறார்கள். உண்மையில் செகெட் நகரில் பால்ஃபி சகோதரர்கள் 1859-இல் மிளகாயின் விதையையும் உள்நரம்பையும் நீக்கி அரைக்கும் முறையைக் கொண்டுவந்த பிறகு, நிறமும் மணமும் மிகுந்த காரமற்ற தூள்தான் அந்த நாட்டின் அடையாளமானது. குழம்பு சிவப்பாக இருக்கும், காரமாக இருக்காது. காரம் வேண்டுபவர் மேசையில் இருக்கும் மிளகாய் விழுதைத் தன் தட்டில் சேர்த்துக்கொள்வார்.

தொட்டுக்கொள்ளும் பண்டத்தின் பெருமையே இதுதான் என்று நினைக்கிறேன். பானையில் கலந்த காரம் குழந்தை, முதியவர், விருந்தாளி எல்லாருக்கும் ஒன்றாகவே போய்ச் சேரும். சாஸாக வைத்த காரத்தை அவரவர் கை அளந்துகொள்கிறது. துனீசியாவில் ஹரிசா என்னும் மிளகாய் விழுதைப் பானையிலும் சேர்ப்பார்கள், ரொட்டியோடு எண்ணெய் விட்டுத் தட்டிலும் வைப்பார்கள். 2022-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்த அந்த விழுது ஒரு வீட்டின் காரத்தை ஒரே அளவாக நிறுத்துவதில்லை. ஒரு வட்டாரம் காரமானது என்று சொல்லும்போது நாம் பானையைச் சொல்கிறோமா, கிண்ணத்தைச் சொல்கிறோமா என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். அளவுகோலே நாக்கைச் சார்ந்தது என்பதையும் இங்கே நினைவூட்டுகிறேன். வில்பர் ஸ்கோவில் 1912-இல் வகுத்த முறையில், மிளகாய்ச் சாற்றைச் சர்க்கரை நீரில் கலந்து கலந்து, சுவைப்போர் காரத்தை உணராத வரை நீர்க்கச் செய்வார்கள். பழகிய நாக்கும் பழகாத நாக்கும் ஒரே எண்ணைச் சொல்லாது.

எரிசுவை

சிவப்புத்தூள், மிக அருமையான பதிவு. பழக்கம் என்பதற்கு ஒரு சான்று சேர்க்கிறேன். பால் ரோஸின் என்ற உளவியலாளர் மெக்சிகோவின் மலைக்கிராமம் ஒன்றில், குழந்தைகளை யாரும் வற்புறுத்தாமலேயே அவர்கள் மெல்ல மெல்ல மிளகாயைத் தாமே கேட்டு வாங்கத் தொடங்குவதைக் கவனித்தார். அதே வீடுகளில் மிச்சம் மீதியைத் தின்று வளர்ந்த நாய்களும் பன்றிகளும் தினமும் காரத்தைத் தின்றாலும் காரமில்லாத உணவையே தேர்ந்தெடுத்தன. தின்பது மட்டும் போதவில்லை. பெரியவர்கள் விரும்பித் தின்பதைப் பார்த்துக்கொண்டு உடன் அமர்ந்திருப்பதும் தேவைப்படுகிறது.

புதுவரவு

என் கேள்விக்கு இவ்வளவு பொறுமையாகப் பதிலளித்த அனைவருக்கும் நன்றி. நுரைத்தமிழ் சொன்னதை நேற்று இரவு சோதித்துப் பார்த்தேன். ஒரே மிளகாய் சாஸை ஒரே அளவில், வெறும் ரொட்டியில் தடவிக்கொண்டு, மூன்று வகைப் பீரை இடைவெளி விட்டுச் சிறிய கோப்பைகளில் அருந்தினேன். 5 சதவீத வெளிர் பீர் விழுங்கும் நொடியில் இதமாக இருந்தது. அது இறங்கியதும் எரிச்சல் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது. 8 சதவீத இனிப்பு ஸ்டவுட் வயிற்றில் கதகதப்பை உண்டாக்கியது, ஆனால் நாக்கின் நுனியில் எரிச்சல் உருண்டு மழுங்கியது. அதே 8 சதவீதத்தில் ஹாப்ஸ் மிகுந்த கசப்புப் பீரைக் குடித்தபோது நாக்கின் இரு ஓரங்களும் தீப்பிடித்தாற்போல் ஆகிவிட்டன. கோப்பையைப் பாதியிலேயே வைத்துவிட்டுப் பால் தேடிப் போனேன்.

வாற்கோதுமை

புதுவரவு, அடுத்த முறை இதையே கடுகு விழுதோடு செய்து பாருங்கள். கடுகுத்தூளைக் குளிர்ந்த நீரில் குழைத்துப் பத்து நிமிடம் வையுங்கள். நுரை அடங்கிய பீர் ஒரு கோப்பை, புதிதாகத் திறந்த அதே பீர் ஒரு கோப்பை என்று இரண்டு போதும். எரிசுவை சொன்ன கதவு உண்மையில் ஒன்றுதானா என்பதை நானும் இந்த வாரம் என் மேசையில் சோதித்துப் பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.